வாவிக்கரையிலிருந்து ஒரு செமஸ்டர்: வணிகமும் டொச்சும்

ஜேர்மனிக்குப் போவது என்றால் மட்டக்களப்பில் இரண்டு விதமான பயணம்தான் பேச்சில் அடிபடும். 1983க்குப் பிறகு உயிரைக் காத்துக்கொள்ளப் போய் அங்கேயே வேரூன்றிய உறவினர்களின் பயணம் ஒன்று. தாதியர் வேலை, தொழிற்பயிற்சி என்று சுவரொட்டிகளும் முகநூல் விளம்பரங்களும் அழைக்கும் பயணம் மற்றது. இந்த அத்தியாயம் மூன்றாவது ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவ பீடத்திலோ, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி, பட்டப்படிப்பை விடாமல், நடுவில் ஒரே ஒரு செமஸ்டருக்கு ஜேர்மனியில் வணிகப் பாடங்களும் டொச்சும் சேர்த்துப் படித்து, திரும்பி வந்து இங்கேயே பட்டத்தை முடிக்கும் வழி அது. எங்கள் சனம் ஜேர்மன் மொழியை டொச் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதில் தரகருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதனால்தான் இதற்கு விளம்பரமும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் உங்களை முன்மொழிகிறது, அங்குள்ள பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறது, தூதரகம் விசா தருகிறது. இந்த மூன்றுக்கும் இடையில் பணம் வாங்கிக்கொண்டு நிற்க எவருக்கும் இடமில்லை. யாராவது நின்றால் விலகிப் போங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானம் ஏறும் நாளில், ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் மொழிப் படிநிலைகளில் ஏ2 அளவு டொச் கைவசம் இருந்தால் அந்த ஆறு மாதமும் பயன்படும். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, பிறநாட்டு மாணவர் கூட்டம், மாமா வீட்டுச் சோறு என்று மூன்றுக்குள்ளேயே செமஸ்டர் கழிந்துவிடும். இந்த அத்தியாயத்தில் மொழிக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

வணிகம் படிக்க ஏன் அங்கே?

செங்கலடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் அங்கத்தவராக இருந்திருக்கக்கூடும். மாதம் ஒரு சிறு சேமிப்பு, தேவை வரும்போது அயலவர் பிணை நிற்க ஒரு கடன். இந்த முறையின் ஊற்று ரைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஃப்ரீட்ரிஹ் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற ஊர்த்தலைவர் 1864இல் ஹெடெஸ்டோர்ஃப் என்ற சிற்றூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கத்தைத் தொடங்கினார். வட்டிக்காரனிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்று பணம் திரட்டினார்கள். ஒருவரையொருவர் அறிந்த ஒரே ஊர்க்காரர் மட்டும் அங்கத்தவர் என்பதே அதன் காப்பு. சென்னை மாகாண அரசு ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயச் சொன்னது. 1895இலும் 1897இலும் வந்த அவருடைய நீண்ட அறிக்கையின் சாரமே ரைஃபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். அதன் பின் 1904இல் இந்தியாவிலும் 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டங்கள் வந்தன. இன்று ஜேர்மனியின் பல சிறு நகரங்களில் ரைஃபைசன் பெயர் தாங்கிய கூட்டுறவு வங்கிக் கிளை ஒன்று கண்ணில் படும். நம் ஊரில் சோர்ந்து கிடக்கும் ஒரு நிறுவனம் அங்கே முழு வங்கியாக எப்படி வளர்ந்தது என்பது வாவிக்கரை மாணவருக்கு அருமையான ஆய்வுப் பொருள். செமஸ்டர் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். விரிவுரையாளர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று மிட்டெல்ஷ்டான்ட் எனப்படும் நடுத்தரக் குடும்பத் தொழில்கள். ஜேர்மனியின் பலம் பெரிய கார்க் கம்பனிகளில் இருப்பதாகவே நாம் நினைக்கிறோம். ஆனால் பெயர் தெரியாத சிற்றூர்களில் ஒரே ஒரு இயந்திர உதிரிப்பாகத்தைச் செய்து உலகெங்கும் விற்கும் குடும்பங்கள் ஏராளம். ஹெர்மான் சைமன் என்ற முகாமைத்துவ அறிஞர் அவற்றை மறைந்திருக்கும் வாகையர் என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். தகப்பனுக்குப் பிறகு தொழிலை யார் எடுப்பது என்பது அங்கே இப்போது பெரிய கேள்வி. அதற்கென்றே பாடநெறிகள் உண்டு. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் அரிசி ஆலையோ துணிக்கடையோ நடத்தும் வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு இதைவிட நெருக்கமான பாடம் இருக்க முடியாது.

தொழிலாளர் பங்கு பற்றியும் தவறாமல் படியுங்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஜேர்மன் கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி ஆசனங்கள் ஊழியர் தரப்புக்கு உரியவை. இங்கே நாம் படிக்கும் பணிப்பாளர் சபை முறையிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டமும் நமக்கு நேரே தொடர்புடையது. முதலில் குறைந்தது 3,000 ஊழியர் உள்ள கம்பனிகளுக்கும், 2024 முதல் குறைந்தது 1,000 ஊழியர் உள்ளவற்றுக்கும், தங்களுக்குப் பொருள் அனுப்பும் தொழிற்சாலைகளில் மனித உரிமை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கடமையை அது சுமத்தியது. நம் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்துக்கு முன் இருக்கும் அக்காவின் வேலைநேரம் ஒரு ஜேர்மன் வகுப்பறையில் பரீட்சைக் கேள்வியாக வரலாம். அந்த வகுப்பில் அதைப் பற்றி அறிந்து பேசக்கூடியவர் நீங்கள் ஒருவராகவே இருப்பீர்கள்.

எந்த ஆண்டு, எந்த வழி

நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தில் மூன்றாம் ஆண்டே ஏற்ற காலம். முதல் இரண்டு ஆண்டில் அடிப்படைப் பாடங்கள் இருக்கும். நான்காம் ஆண்டில் ஆய்வும் தொழிற்பயிற்சியும் நெருக்கும்.

வழிகள் மூன்று. உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஜேர்மன் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் ஒப்பந்தம் இருந்தால் பரிமாற்ற மாணவராகப் போகலாம்; கற்பித்தல் கட்டணம் இராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஐரோப்பாவுக்கு வெளியிலுள்ள நாடுகளின் மாணவருக்கும் இடம் உண்டு, இலங்கையும் அதில் அடங்கும். அதில் மாதாந்த உதவித்தொகையும் பயணச் செலவும் கிடைக்கும் என்பதால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஆனால் தனியாள் விண்ணப்பித்து இதைப் பெற முடியாது. இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுத்த திட்டம் ஒன்று இருக்க வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் சொந்தமாக விண்ணப்பித்துப் போவது. அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்பித்தல் கட்டணம் கேட்பதில்லை. பாடன் வுர்ட்டெம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 குளிர்காலத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வணிகப் படிப்புக்குப் பேர்போன ரொய்ட்லிங்கனும் ஃபோர்ட்ஸ்ஹைமும் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஒப்பந்தப்படி போகும் பரிமாற்ற மாணவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

பல்கலைக்கழகங்களில் இரண்டு வகை உண்டு. பழைய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் ஒரு வகை. தொழில்துறையோடு ஒட்டிய ஹொக்‌ஷூல எனப்படும் பிரயோக அறிவியல் பல்கலைக்கழகங்கள் மற்ற வகை. ஒரு செமஸ்டர் வணிகத்துக்கு இரண்டாவது வகையே நல்லது என்பேன். வகுப்புச் சிறிது, ஆங்கிலத்தில் நடக்கும் வணிகப் பாடங்கள் ஒரு தொகுதியாகவே கிடைக்கும், கூடவே வெளிநாட்டு மாணவருக்கான டொச் வகுப்பும் இருக்கும், கம்பனிகளுக்கு அழைத்துப் போவார்கள்.

நாட்காட்டிதான் உண்மையான தலைவலி. அங்கே குளிர்காலச் செமஸ்டர் ஒக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். கோடைச் செமஸ்டர் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. ஹொக்‌ஷூலகளில் இது ஒரு மாதம் முந்தும். நம் பல்கலைக்கழகங்களிலோ பணிப்புறக்கணிப்பு, வெள்ளம், கொரோனா என்று அடுத்தடுத்து வந்த தடைகளால் ஒவ்வொரு அணியின் கால அட்டவணையும் ஒவ்வொரு விதம். ஆகவே பீடாதிபதியிடம் போகும் முன் உங்கள் அணியின் அடுத்த இரண்டு செமஸ்டர்களின் உத்தேசத் திகதிகளைப் பதிவாளர் கிளையில் எழுத்தில் வாங்குங்கள். மகாபொல உதவித்தொகை பெறுபவர்கள் அந்த ஆறு மாதக் கொடுப்பனவுக்கு என்ன ஆகும் என்பதையும் மாணவர் நலன் பிரிவில் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மதிப்பலகு கணக்கு

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு மதிப்பலகு என்பது 50 மணிநேரக் கற்றல். ஐரோப்பிய முறையில் ஒரு மதிப்பலகு 25 முதல் 30 மணிநேரம். எனவே அங்கே ஒரு செமஸ்டருக்குரிய 30 மதிப்பலகுகள் இங்கே ஏறத்தாழ 15க்குச் சமம். இதைத் தெரியாமல் அங்கே 15 மட்டும் எடுத்துவிட்டு வந்தால் பாதிப் பாடம் குறையும். எந்தப் பாடத்துக்குப் பதிலாக எந்தப் பாடம் என்று போவதற்கு முன்பே கற்றல் உடன்படிக்கை ஒன்றில் எழுதி, துறைத் தலைவர், பீடாதிபதி, ஜேர்மன் பல்கலைக்கழகம் மூவரும் கையொப்பமிட வேண்டும். பீடச் சபையில் அது நிறைவேறி, அந்தக் கூட்டக் குறிப்பின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போகாதீர்கள். நீங்கள் திரும்பி வரும்போது அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பார்.

புள்ளிகளும் தலைகீழ். அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 சித்தியின்மை. பவேரிய சூத்திரம் என்ற ஒன்றைக் கொண்டு மாற்றுவார்கள். உங்கள் உச்சப் புள்ளியிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 4.0 உச்சம், 2.0 தேர்ச்சி எல்லை என்று வைத்தால், 3.4 எடுத்தவருக்கு அங்கே 1.9 வரும். அது நல்ல பெறுபேறு.

டொச்: இங்கேயே தொடங்குங்கள்

கோதே நிறுவனத்தின் கணக்கில் ஏ1 முடிக்க 80 முதல் 200 பாடவேளை, ஏ2 வரை 200 முதல் 350, பி1 வரை 350 முதல் 650. ஒரு பாடவேளை 45 நிமிடம். கிழமைக்கு ஆறு பாடவேளை வைத்து ஒரு வருடம் விடாமல் படித்தால் 300ஐத் தொடுவீர்கள். அதாவது ஏ2 என்பது ஒரு வருட வேலை. மூன்று மாதத்தில் பி1 என்று சொல்பவர் உங்கள் பணத்தைப் பார்க்கிறார். கோதே நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. பரீட்சைக்கு இரவு ரயிலில் போய்க் காலையில் இறங்கி நேரே எழுதப் போகாதீர்கள், முதல்நாளே போய்த் தங்குங்கள். கேட்டல் பகுதியில் தூக்கக் கண்ணுக்கு மன்னிப்பில்லை. வீட்டிலிருந்தே படிக்க டொய்ச்ச வெல்லேயின் நிக்கோஸ் வேக் என்ற காணொளிப் பாடம் பி1 வரை இலவசமாகக் கிடைக்கிறது. தரமானது. அதை முதுகெலும்பாக வைத்து, கிழமையில் இரண்டு நாள் நேரலை ஆசிரியர் ஒருவரோடு பேசிப் பழகுவது போதும்.

தமிழர் டொச்சுக்குப் பயப்படக் காரணமே இல்லை. ஆங்கிலத்தைவிட டொச் நம் காதுக்கும் வாக்கிய அமைப்புக்கும் பல இடத்தில் கிட்ட நிற்கிறது. குறில் நெடில் அங்கே பொருளை மாற்றும்: மிட்டெ என்றால் நடு, மீட்டெ என்றால் வாடகை. ஆங்கிலம் பேசுபவர் இதில் தடுமாறுவார். நமக்கு முதலாம் வகுப்பிலேயே பழகிய வித்தியாசம் இது. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் நிற்கும். ‘வைல் இஹ் ஹொய்டெ கைனெ ட்ஸைட் ஹாபெ’ என்பதில் ‘ஹாபெ’ என்ற வினை முடிவில் இருக்கிறது. இன்றைக்கு எனக்கு நேரம் இல்லாதபடியால் என்று நாம் சொல்லும்போதும் கடைசியில்தானே வைக்கிறோம். எழுதியபடியே வாசிக்கலாம் என்பது இன்னொரு நிம்மதி.

கஷ்டம் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலிகள். வாய் ‘உ’ சொல்லும் வடிவில் குவிந்திருக்க, நாக்கு ‘ஈ’ சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள், ஒரு கிழமையில் வந்துவிடும். இரண்டாவது, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் உள்ள மூன்று பால். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி ஒன்றன்பால் என்று வரும்போது காரணம் தேடாதீர்கள். சொல்லை அதன் முன் நிற்கும் டேர், டீ, டாஸ் உடனேயே சேர்த்து மனனம் செய்யுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனனம் கைவந்த கலை. பள்ளிக்கூடத்தில் அதற்காகத் திட்டு வாங்கியவர்களும் இங்கே அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

வணிக மாணவர் பொது வகுப்பில் சொல்லித் தராத சிலவற்றைத் தனியே பழக வேண்டும். எண்கள் முதலில். இருபத்தொன்று என்பதை ஒன்றும் இருபதும் என்ற வரிசையில் சொல்வார்கள். ஒருவர் தொலைபேசி இலக்கம் சொல்லும்போது கை தடுமாறும். எழுத்தில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி நிற்கும்: 1.250,50 என்று விலைப்பட்டியலில் இருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சதம். கணக்கியல் பரீட்சையில் இதைக் குழப்பினால் விடை முழுவதும் போகும். ஒரு விலைப்பட்டியல், ஒரு வாடகை ஒப்பந்தம், ஒரு வங்கிக் கூற்று ஆகிய மூன்றையும் அகராதியோடு உட்கார்ந்து முழுவதும் வாசித்து முடியுங்கள். அங்கே முதல் மாதத்தில் கையில் வரும் தாள்கள் இவைதான்.

பேசிப் பழக ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். இலங்கைக்கு அதிகம் வரும் சுற்றுலாப் பயணிகளில் ஜேர்மனியர் முன்வரிசையில் இருக்கிறார்கள். கிழக்குக் கரையின் பருவம் சித்திரைக்குப் பிறகு தொடங்கி செப்டெம்பர் வரை நீளும். பாசிக்குடா விடுதி ஒன்றில் விடுமுறைக்கால வேலை கிடைத்தால் கைச்செலவும் டொச்சும் ஒன்றாக வரும். போய்வந்த பிறகு அந்த மொழிக்கு இங்கே வேலை இருக்கிறது என்பதற்கும் பாசிக்குடாவே சான்று. முன்வரவேற்பிலும் முகாமையிலும் டொச் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கே வேண்டும்.

பணம், மாமா, கையொப்பம்

விசாவுக்குச் செலவை ஈடுசெய்யும் ஆதாரம் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து மாணவருக்கான தொகை மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904. ஒரு செமஸ்டர் என்றால் ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. இதை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும்; அங்கே போன பின் மாதாமாதம் ஒரு பங்கு உங்களுக்குத் திறந்துவிடப்படும். தொகை இடைக்கிடை உயர்கிறது, எனவே விண்ணப்பிக்கும் மாதத்தில் தூதரகத்தின் இணையத்தளத்தில் மீண்டும் பாருங்கள். இதற்கு மேல் விசாக் கட்டணம் 75 யூரோ, விமானச் சீட்டு, பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் பங்களிப்பு ஆகியவை வரும். பங்களிப்பு ஊருக்கு ஊர் மாறி ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ வரை இருக்கும்; பல இடங்களில் பஸ், ரயில் அனுமதியும் அதில் அடங்கும். மாணவர் மருத்துவக் காப்புறுதி மாதம் 140 யூரோவைத் தாண்டிவிட்டது. அது அந்த 992க்குள்ளிருந்தே போகும்.

புலமைப்பரிசில் இருந்தால் அதன் கடிதமே ஆதாரம். இல்லாத வீட்டில் அடுத்த பேச்சு எப்போதும் ஒன்றுதான்: “அங்க மாமா இருக்கிறார்தானே.” மாமாவால் உதவ முடியும். அவர் தன் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், உங்கள் செலவுக்குத் தான் பொறுப்பு என்று அரச படிவத்தில் கையொப்பமிட்டால் முடக்கக் கணக்கு தேவைப்படாது. ஆனால் அது வெறும் அழைப்புக் கடிதம் என்று நினைத்துக் கேட்காதீர்கள். அவருடைய சம்பளச் சீட்டுகளைப் பார்ப்பார்கள். உங்களுக்காக அரசு செலவு செய்ய நேர்ந்தால் அவரிடமிருந்து அறவிடும் உரிமை ஐந்து வருடம் வரை நீடிக்கும். வீடு, கார்க் கடன், மூன்று பிள்ளைகள் என்று இருப்பவருக்கு அது பாரமான கையொப்பம். அம்மா தொலைபேசியில் கேட்பதைவிட நீங்களே பேசி, பாடநெறி என்ன, எப்போது திரும்புவீர்கள், வைப்பில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்பதுதான் மரியாதை. அவர் முடியாது என்றால் அதை மனக்கசப்பாக்க வேண்டாம்.

அவர் கையொப்பமிட்டாலும் அவர் வீட்டிலேயே தங்குவதை நான் ஆதரிக்கவில்லை. மாணவர் விடுதியில் பொதுச் சமையலறை இருக்கும். டொச் அங்கேதான் வளரும். சனி, ஞாயிறு மாமா வீட்டுக்குப் போங்கள், அங்கே மச்சான் மச்சாளோடு டொச்சிலேயே பேசுங்கள். அவர்களுக்கு அது தாய்மொழி அளவுக்கு வரும். உங்கள் பிழையைத் திருத்த அவர்களைப் போல் பொறுமையான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

மாணவ விசாவில் வருடத்துக்கு 140 முழுநாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஒரு செமஸ்டருக்கு வருபவர் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். மொழி குறைவான ஒருவருக்கு வேலை கிடைப்பதற்குள் பாதிக் காலம் போய்விடும்.

விசாத் தாள்கள்

தங்கல் 90 நாளைத் தாண்டுவதால் குறுகியகால ஷெங்கன் விசா சரிவராது, தேசிய விசாவே எடுக்க வேண்டும். கொழும்பிலுள்ள ஜேர்மன் தூதரகத்தில் நேரம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். முடிவு வரப் பல கிழமைகள் எடுக்கும் என்பதால் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே நேரம் கேளுங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்திலோ டொச்சிலோ மாற்றுங்கள்.

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஏபிஎஸ் சான்றிதழ் எங்கே எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். அது இந்தியா, சீனா, வியட்நாம் மாணவர்களின் கல்வித் தாள்களைச் சரிபார்க்கும் நடைமுறை. இலங்கையில் படிப்பவருக்கு அது தேவையில்லை.

பெயரில் கவனம் வையுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், சில தாளில் முதலெழுத்தாகச் சுருங்கும், ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்களில் அனுமதிக் கடிதம், முடக்கக் கணக்கு, காப்புறுதி, விமானச் சீட்டு எல்லாம் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்கக் கடிதத்தில் எதை ஏன் படிக்கப் போகிறீர்கள், எந்தத் திகதியில் எந்த ஆண்டுக்குத் திரும்பி வருவீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும். கற்றல் உடன்படிக்கையையும் பீடக் கடிதத்தையும் இணைத்தால் அதுவே பாதிப் பதில்.

பெட்டியும் முதல் இரண்டு கிழமையும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகத் தடை. அம்மா கட்டித்தரும் நெய்ப்போத்தலும் மாட்டிறைச்சி வறையும் விமான நிலையத்துக் குப்பைக்கூடைக்குப் போகும். மீனுக்கு விலக்கு உண்டு, ஒருவருக்கு 20 கிலோ வரை. ஆகவே கருவாடும் இறால் கருவாடும் தாராளமாகப் போகலாம், வாசம் வராமல் மூன்று உறையிட்டுக் கட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கையிலை போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், எனவே விட்டுவிடுங்கள். தேங்காய்க்கு அந்தச் சான்று தேவையில்லை, ஆனால் அங்கே தமிழ்க்கடைகளில் எல்லாமே கிடைக்கும். வறுத்த மிளகாய்த்தூள்தான் அம்மாவின் கையால் வர வேண்டியது. குளிர்ச்சட்டை இங்கே வாங்க வேண்டாம். அங்கே வாங்குவதே தரமும் மலிவும்.

குடியேறிய இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் விலாசப் பதிவு செய்வது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையொப்பமிட்ட தங்குமிட உறுதிப் படிவம் வேண்டும், திறப்பு வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவு இல்லாமல் பல காரியங்கள் நகராது. விசாவின் முடிவுத் திகதி உங்கள் செமஸ்டர் முடிவுக்கு முன்பே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வதிவிட அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் அந்தக் கிழமையே நேரம் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் அரிசி வாங்கிவிடுங்கள்.

வகுப்பிலே

கால அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் சே.டே. என்று இரண்டு எழுத்து இருந்தால் விரிவுரை 10.15க்குத் தொடங்கும். எஸ்.டே. என்றிருந்தால் சரியாகப் பத்து. விரிவுரையாளரை நீங்கள் என்னும் ஸீ சொல்லியே அழையுங்கள். சக மாணவரை முதல் நாளிலேயே டு என்று நீ போட்டுப் பேசலாம். விரிவுரையாளரின் கருத்தை மறுத்துப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. நம் பிள்ளைகள் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்; அதனால் புள்ளியும் போகிறது, நட்பும் போகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பரீட்சைப் பதிவு. பாடத்தில் சேர்ந்துவிட்டால் பரீட்சையும் தானாக வரும் என்று நாம் நினைப்போம். அங்கே ஒவ்வொரு பாடத்தின் பரீட்சைக்கும் தனியே பதிய வேண்டும், அதற்கு முடிவுத் திகதி உண்டு. தவறினால் செமஸ்டர் முழுவதும் படித்தவரும் எழுத முடியாது. அத்திகதிகளை முதல் கிழமையிலேயே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வகுப்புக்கு வெளியே, விடுமுறை நாள் ஒன்றில் ஹாலே நகரத்துக்குப் போய்வாருங்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற சீகன்பால்கு படித்த ஊர் அது. அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716இல் அங்கேதான் அச்சானது. ஃப்ராங்கெ அறநிலையத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைக் காத்து வைத்திருக்கிறார்கள். கோடைச் செமஸ்டரில் போனால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேரையும் பாருங்கள். 2002இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயில் எங்கள் அகதிகள் வெறுங்கையோடு தொடங்கிக் கட்டியெழுப்பியது. ஒரு சமூக நிறுவனத்தை எப்படி நடத்துவது என்பதற்கு நல்ல பாடம், வணிக மாணவரின் கண்ணோடு பாருங்கள்.

திரும்பிய பின்

பெறுபேற்றுத் தாள் நீங்கள் திரும்பி வந்து சில கிழமைகள் கழித்தே வரும். புறப்படுமுன் அங்குள்ள சர்வதேச அலுவலகத்தில் அது எந்த முகவரிக்கு, எப்போது வரும் என்று கேட்டு மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். வந்ததும் கற்றல் உடன்படிக்கையையும் பீடச் சபைக் குறிப்பையும் இணைத்து ஒரே நாளில் பதிவாளர் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பி1 பரீட்சையை அந்த டொச் நாவில் சூடாக இருக்கும்போதே கொழும்பில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் தள்ளினால் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டி வரும்.

உங்கள் பீடத்துக்கு இதுவரை ஜேர்மன் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் நீங்கள் ஜேர்மனியில் படித்த துறையின் ஒருங்கிணைப்பாளர் பெயரையும் முகவரியையும் வாங்கி வந்து பீடாதிபதியிடம் எழுத்தில் கொடுங்கள். எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தை எடுப்பவர்கள் ஜேர்மன் பல்கலைக்கழகத்தார். இந்தப் பக்கம் பதில் எழுத ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சலும் இருந்தால்தான் அவர்கள் நம் பக்கம் திரும்புவார்கள். உங்களுக்குப் பின் வரும் வசதியில்லாத பிள்ளை உதவித்தொகையோடு போக அது ஒன்றே வழி, அந்தக் கடிதத்தை எழுதாமல் விடாதீர்கள்.